ஹாப்ஸ் கொடிக்கு எது தோது: கம்பமா, சுவரா, வேலியா?

இங்கிலாந்தில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள் கொல்லையில் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்கொடி) நட ஆசைப்பட்டால், முதலில் ரகத்தைத்தான் விசாரிப்பார்கள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ அந்தக் கூம்புப் பூக்களை எப்படிப் பறிக்கப் போகிறோம் என்பதை யோசிப்பது அப்புறம்தான். செடி ஏறுவது அதன் பாடு. இறக்குவது நம் பாடு.

பாகலுக்கு இருப்பதுபோல ஹாப்ஸுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அதிலுள்ள கொக்கி மயிர்கள்தான் பிடிமானம். குளிர்காலத்தில் தரை வரை காய்ந்துவிடும். வசந்தத்தில் வேர்த்தண்டிலிருந்து துளிர்த்து, ஒரே பருவத்தில் 5, 6 மீட்டர் ஏறிவிடும். வழவழப்பான நைலான் கயிறு இதற்குச் சரிப்படாது. சொரசொரப்பான தேங்காய் நார்க் கயிறுதான் வாகு. அமெரிக்காவின் யாக்கிமா ஹாப்ஸ் வயல்களுக்கு அது இலங்கையிலிருந்து போகிறது. அறுவடையானதும் கொடியோடு சேர்த்து உரக்குழியில் போட்டுவிடலாம். ஒரு கயிற்றுக்கு இரண்டு மூன்று தண்டுகள் போதும், மீதியை வெட்டிவிடுங்கள்.

கம்பம்தான் பழைய வழி. ஜெர்மனியின் ஹாலர்டாவில் 7 மீட்டர் உயரத்துக்குக் கம்பிப் பந்தலே போடுகிறார்கள். வீட்டுக்கு 5 மீட்டர் போதும். உச்சியில் ஒரு கப்பி மட்டும் கட்டாயம். கொடிமரத்தில் கொடியை இறக்குவதுபோல மொத்தத்தையும் கீழே இறக்கி, பூ முற்றிவிட்டதா என்று பார்த்து, இல்லையென்றால் திரும்ப ஏற்றலாம். கப்பி இல்லாவிட்டால் ஏணியில் நின்றுதான் பறிக்க வேண்டும். ஒன்று கவனம்: இலை அடர்ந்த கொடி காற்றில் கப்பல் பாய் மாதிரி. கம்பத்தை நல்ல ஆழத்தில் ஊன்றாவிட்டால் சாய்ந்துவிடும்.

தெற்குச் சுவரில் செலவு குறைவு, வெயிலும் உண்டு. ஆனால் இறவாரத்துக்குக் கீழே மழை விழாது, மண் காய்ந்து கிடக்கும். அந்த வறட்சியில் சிலந்திப்பேன் வரும். காற்றோட்டம் இல்லாவிட்டால் சாம்பல் நோயும் சேர்ந்துகொள்ளும். கயிற்றைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிக் கட்டினாலும், நுனி கூரையின் மழைநீர்க் குழாயைத் தேடிப் போவதைத் தடுப்பது கஷ்டம். எனக்கு இது கடைசித் தேர்வு.

வேலிக்கு ஏற்றது குட்டை ரகம். கென்ட்டின் வை கல்லூரியில் உருவான ஃபர்ஸ்ட் கோல்டு சுமார் இரண்டரை மீட்டரோடு நின்றுவிடும். பெரும்பாலும் தரையில் நின்றபடியே பறிக்கலாம். சிறிய தோட்டத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஃபகிள், காஸ்கேட் மாதிரி நெட்டை ரகங்களையும் வேலியில் பக்கவாட்டில் படரவிடலாம், ஆனால் வாராவாரம் கையால் திருப்பிவிட வேண்டும். விட்டால் தலைமுடிச் சிக்குதான். காஸ்கேட்தான் வேண்டும் என்று பிடிவாதமா? சரி, கப்பி வைத்த கம்பம் போடுங்கள்.

எதில் ஏற்றினாலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பறியுங்கள், தண்டு தோலைக் கீறி அரிப்பெடுக்கும். வீட்டில் நாய் இருந்தால், காய்ச்சி மிஞ்சிய ஹாப்ஸ் சக்கை அதன் வாய்க்கு எட்டவே கூடாது, உயிருக்கே ஆபத்து.