டயானா 27 காற்றுத் துப்பாக்கி: ஐந்து ஆண்டுகளின் எண்ணெய்க் கணக்கு

பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் அப்பா வேலை பார்த்த காலத்தில், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன டயானா 27 ரகக் காற்றுத் துப்பாக்கி, எங்கள் காசிமேட்டு வீட்டுப் பரணில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. நான் அதை இறக்கியபோது குழலின் மேற்பரப்பு முழுவதும் செம்மண் பூசியது போலத் துரு ஏறியிருந்தது. ஆனாலும், வில்லைக் கீழே எறிந்துவிட்டுக் காற்றுத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து நிற்கும், ரோமானியரின் வேட்டைத் தெய்வமான டயானா தேவதையின் முத்திரை மட்டும் விரலால் தடவிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. ஜெர்மனியின் ராஸ்டாட் நகரத்துத் தயாரிப்பு, 4.5 மி.மீ. குழல். இந்த அளவுக் குழலும் 20 ஜூல் அளவைத் தாண்டாத ஆற்றலும் இருந்தால் நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை என்பதையும், இந்தத் துப்பாக்கியின் வலு அந்த எல்லைக்கு வெகு கீழே என்பதையும், கேட்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் தவறு என்னுடையதல்ல, ஆனால் அதற்குச் சம்மதித்தவன் நான்தான். நான் கொண்டுபோய்க் கொடுத்த பட்டறையில், குழலும் சிலிண்டரும் சேரும் இடத்தில், சிலிண்டரின் முகப்பில் உள்ள காற்றுத் துளை வழியாகத் தாராளமாக மோட்டார் எண்ணெயை ஊற்றி, "இனி வெண்ணெய் மாதிரி ஓடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டு மொட்டை மாடியில் முதல் முறை சுட்டபோது பட்டாசு வெடித்தது போன்ற சத்தமும், குழல் வாயிலிருந்து நீலப் புகையும், கருகிய நெடியும் வந்தன. கீழ் வீட்டு அக்கா பதறிக்கொண்டு படியேறி வந்துவிட்டார். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் சிலிண்டருக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் காற்றை நெருக்கும்போது அந்தக் காற்று பல நூறு டிகிரி சூடேறுகிறது; டீசல் எஞ்சினில் நடப்பது போலவே, அங்கே தேங்கியிருக்கும் தாது எண்ணெய் பற்றிக்கொள்கிறது. வேகம் கூடிவிட்டதாகச் சிலர் இதைக் கண்டு மகிழ்கிறார்கள். உண்மையில் அந்த நெருப்பு தின்பது உள்ளே இருக்கும் தோல் வாஷரையும் ஸ்பிரிங்கின் ஆயுளையும்தான்.

ஆகவே நானே பிரித்தேன். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதால், பின்மூடியைப் பிடித்திருக்கும் ஆணிகளை வெறுங்கையோடு தட்டக்கூடாது. தச்சர்கள் பலகை ஒட்டப் பயன்படுத்தும் நீளமான கிளாம்ப்பில் துப்பாக்கியை இறுக்கி, ஆணிகளைத் தட்டிவிட்டு, சுற்றுச் சுற்றாகத் தளர்த்த வேண்டும். இந்த ரகத்தின் விசை அமைப்பு மூன்று சிறிய எஃகுக் குண்டுகளால் பிஸ்டன் தண்டைப் பிடித்து நிறுத்துவது. அழகான ஏற்பாடு, ஆனால் பிரித்த மறுகணம் குண்டுகள் தரையில் உருண்டோடும். ஒன்றை அரைமணி நேரம் தேடி, தையல் மெஷினின் மிதிபலகைக்கு அடியில் கண்டெடுத்தேன். திரும்பப் பூட்டும்போது ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் குண்டுகள் தத்தம் குழியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பிஸ்டன் தலையில் இருந்த தோல் வாஷர் கருகி, அப்பளம் போல நொறுங்கியது. பழைய சைக்கிள் பம்பில் இருக்கும் கிண்ண வடிவத் தோல் வாஷரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதன் அண்ணன் என்று சொல்லலாம். பெரியமேட்டில் தோல் துண்டு ஒன்று வாங்கி, வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தண்டையார்பேட்டை லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய அச்சில் இரண்டு நாள் அழுத்தி வைத்தேன். முதலில் செய்தது தளர்வாக இருந்ததால் வீணானது. இரண்டாவதைக் காயவிட்டு, மாட்டுக்குளம்பு எண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டு, வழிந்ததைத் துடைத்துப் பொருத்தினேன். சிலிண்டருக்குள் விரலால் தள்ளும்போது மெல்லிய எதிர்ப்பு தெரிந்தது. அதுதான் சரியான அளவு.

ஸ்பிரிங்குக்கு மாலிப்டினம் கலந்த கரிய கிரீஸை லிங்கி செட்டித் தெருவில் வாங்கினேன். சுருள்களின் மீது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒரு மெல்லிய பூச்சு, பிஸ்டனின் பக்கங்களில் அதைவிடக் குறைவு, வாஷருக்கு முன்னால் அறவே கூடாது. பட்டறைக்காரர் ஊற்றிய எண்ணெயில் நூறில் ஒரு பங்குகூட இதற்குத் தேவைப்படவில்லை.

2021இல் பூட்டியதிலிருந்து இன்றுவரை உள்ளே நான் செய்ததெல்லாம், ஆண்டுக்கு ஒருமுறை காற்றுத் துளையில் அதே குளம்பு எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, குழல் வாய் மேல்நோக்கியிருக்க ஓர் இரவு நிறுத்தி வைப்பது மட்டும்தான். அதற்கு அடுத்த நாள் முதல் நான்கைந்து சுடுகளில் லேசாகப் புகையும், பிறகு நின்றுவிடும். வெளிப்புறம் இதற்கு நேர்மாறு. எங்கள் தெருவில் ஜன்னல் கம்பியே இரண்டு மழைக்காலம் தாங்காது. கடற்காற்றின் உப்பு அப்படி. நுண்ணிய எஃகுப் பஞ்சால் துருவைத் தேய்த்தெடுத்த இடங்களை வாரந்தோறும் எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். ஒருமுறை வியர்வைக் கையோடு பிடித்துவிட்டு மறந்ததில், மூன்றே நாளில் என் கட்டைவிரல் ரேகை குழலில் துருவாகப் பதிந்துவிட்டது, இன்னும் இருக்கிறது.

பழைய துணி அடைத்த மரப்பெட்டியில் பத்து மீட்டர் தூரத்தில் ஐந்து பெல்லட்டுகளும் (சிறு ஈயக் குண்டுகள்) ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகின்றன. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவதில்லை, ஏனெனில் தடுக்கக் காற்று இல்லாத பிஸ்டன் சிலிண்டரின் முகப்பில் போய் அறையும். பெல்லட் வைக்கும்போது, மடக்கிய குழல் திடீரென நிமிர்ந்துவிடாதபடி மறு கை எப்போதும் அதைப் பிடித்திருக்கும். ஒரே குறை, அண்மையில் குழலும் சிலிண்டரும் சேரும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை வைத்துச் சுட்டபோது அது துள்ளிப் பறந்தது. அங்கே காற்று கசிகிறது. ஐப்பசி மழைக்கு முன் மாற்றுவதற்காக, பெரியமேட்டுத் தோலின் மிச்சத்தில் ஒரு சிறு வளையம் வெட்டி எண்ணெயில் போட்டிருக்கிறேன்.