புதுச்சேரியில் ஒரு கைவினை மெழுகுவர்த்திக் கடை: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

புதுச்சேரி மிஷன் வீதியிலிருந்து பிரியும் குறுந்தெரு ஒன்றில் உள்ள சிறிய கைவினைக் கடையில், தேன்மெழுகில் வார்த்த உருளை மெழுகுவர்த்தி, வெட்டிவேர் மணம் சேர்த்த சோயா மெழுகுக் கிண்ணம், கொட்டாங்கச்சியில் ஊற்றிய சோயா மெழுகு ஆகிய மூன்றையும் வாங்கி வீட்டில் எரித்துப் பார்த்தேன். கடையில் மூன்றுக்கும் ‘இயற்கை மெழுகுவர்த்தி’ என்று ஒரே சீட்டைத்தான் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது அவற்றில் ஒன்றுதான்.

அந்த ஒன்று தேன்மெழுகு. வேலைக்காரத் தேனீக்களின் வயிற்றடிச் சுரப்பிகளில் ஊறும் இந்த மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் உருகும். அதனால் கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரியில் வைத்தாலும் வளையாமல் நிற்கிறது. வாங்கும்போது அதன் மேல் திருநீறு பூசியதுபோல் வெண்படலம் படிந்திருந்தது. அதைப் பூஞ்சை என்று எண்ணி ஒதுக்க வேண்டாம். நாள்பட்ட தேன்மெழுகில் அது தானாகவே பூக்கும், பருத்தித் துணியால் துடைத்தால் போய்விடும். திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கிவிட்டு ஏற்றினால் சுடர் நிதானமாக நின்று எரிகிறது. சுடருக்குச் சற்று மேலே வெள்ளைப் பீங்கான் தட்டைப் பிடித்தபோது, கண்ணுக்குத் தெரியும் கரி ஏதும் படியவில்லை. அதே திரியை நறுக்காமல் மின்விசிறிக்குக் கீழே வைத்து எரித்தபோது, தட்டில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு ஏறியது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரஃபின் மெழுகு மட்டுமே புகையும் என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்: மெழுகு எதுவானாலும், நீண்ட திரியும் அலையும் காற்றும் சேர்ந்தால் கரி வந்தே தீரும். தேன்மெழுகுச் சுடர் அறைக் காற்றைத் தூய்மையாக்கும் என்று கடைச் சுவரில் தொங்கவிட்டிருக்கும் அட்டையையும் கழற்றிவிடுவது நல்லது. எரியும் பொருள் காற்றில் கரியமில வாயுவைச் சேர்க்குமே தவிர, அதைத் தூய்மையாக்காது.

வெட்டிவேர் கடலூர்க் கடற்கரையின் மணற்பாங்கான நிலங்களில் விளையும் பயிர் என்பதால், சோயா கிண்ணத்தின் மேல் எனக்குக் கூடுதல் எதிர்பார்ப்பு இருந்தது. மணம் உண்மையானதுதான்; நனைந்த தட்டியின் வாசனையை அப்படியே தருகிறது. சிக்கல் மெழுகில் இருக்கிறது. கிண்ணங்களில் ஊற்றும் சோயா மெழுகு ஏறத்தாழ 50 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்கு முன்பே நம் ஊர் வெயிலில் இளகி, மேற்பரப்பில் எண்ணெய் முத்து முத்தாக வியர்த்து நிற்கிறது. மேலும், சோயா நம் பக்கத்துப் பயிரும் அல்ல. மார்கழி, தை மாதங்களில் வேண்டுமானால் வாங்கலாம். முதல்முறை ஏற்றும்போது மெழுகு விளிம்புவரை உருகும்வரை அணைக்காமல் இருந்தால், பின்னர் நடுவில் குழி விழாது.

கொட்டாங்கச்சி மெழுகுவர்த்தியை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். தேய்த்து மெருகேற்றிய ஓடு பார்க்க அழகாக இருக்கிறது, வீணாகும் பொருளுக்கு ஒரு பயனும் கிடைக்கிறது. ஆனாலும் கொட்டாங்கச்சி அடுப்பெரிக்கும் பொருள் என்பதை மறக்கக் கூடாது. மெழுகு வற்றிச் சுடர் அடியைத் தொடும் நேரத்தில் ஓட்டின் உட்புறம் பழுக்கத் தொடங்கியதால் உடனே அணைத்துவிட்டேன். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது ஆகாது. அதே மெழுகை வில்லியனூர்ச் சுடுமண் கிண்ணத்தில் ஊற்றி விற்றால் அச்சமின்றி வாங்கலாம்.

அகல் விளக்கு ஏற்றும் வீட்டுக்கு மெழுகுவர்த்தி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த பிறகு கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய இரவுகளில், தட்டிவிட்டாலும் எண்ணெய் கொட்டாத, மெதுவாக எரியும் விளக்கு வீட்டில் இருப்பது பெரிய ஆறுதல். என் சமையலறைத் தராசின்படி, இந்தத் தேன்மெழுகு மணிக்கு ஐந்தாறு கிராம்தான் கரைகிறது.

200 கிராம் உருளைக்கு 350 ரூபாய் என்பது கைக்குச் சற்று உறுத்தலான விலைதான். ஆனால் இதில் எதுவும் வீணாவதில்லை. அடியில் தேங்கிய மெழுகைச் சிக்கிக்கொள்ளும் மர இழுப்பறையின் ஓரங்களில் தேய்த்தேன், இப்போது அது விரலால் தள்ளினாலே நகர்கிறது. தையல் நூலுக்கும் பூசலாம். பொட்டலத்தையும் கையால் செய்த காகிதத்தில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டித் தருகிறார்கள். நெகிழி எங்கும் இல்லை. கடைக்காரர் அந்தக் காகிதத்தின் மேல் மெழுகின் வகையையும் எடையையும் எழுதத் தொடங்கினால், தேன்மெழுகைத் தேடி வருபவர் சோயாவை வாங்கிப் போக நேராது. அதுவரை, வாங்குவதற்கு முன் எந்த மெழுகு என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள்.