மிஸ்டரி ஷாப்பரா, தணிக்கையா, ஸ்டாக் எண்ணுவதா: கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு எது கட்டுப்படியாகும்?

வாடிக்கையாளர் போலக் கடைக்குள் நுழைந்து, நடப்பதைக் கவனித்து, வீடு திரும்பி அறிக்கை எழுதிக் கொடுத்தால் பணம் தருவார்கள் என்ற பேச்சு கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமும் சில ஆண்டுகளாக அடிபடுகிறது. இதை மோசடி என்று ஒரேயடியாகத் தள்ளுபவர்களும், உட்கார்ந்த இடத்தில் காசு என்று நம்புபவர்களும் சம அளவில் தவறு செய்கிறார்கள். மிஸ்டரி ஷாப்பிங் என்ற பெயர் 1940களிலேயே அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. இதை நடத்தும் நிறுவனங்கள் 1998இல் தங்களுக்கென ஒரு சங்கத்தையும் அமைத்துக்கொண்டன. ஆகவே வேலை உண்மையானது. பள்ளியொன்றில் கணக்கு எழுதிக்கொண்டே, மேல்வருமானத்துக்காக இந்த வேலையையும் இதை ஒட்டிய வேறு இரண்டு வேலைகளையும் மாறி மாறிச் செய்து பார்த்தவன் என்ற முறையில், நம் ஊரிலிருந்து செய்பவருக்கு மூன்றில் எது தாங்கும் என்பதைத்தான் இங்கே அலசுகிறேன். (தமிழில் 'மர்ம வாடிக்கையாளர்' என்று சிலர் எழுதுகிறார்கள், துப்பறியும் கதை போல ஒலிப்பதால் அதை விட்டுவிட்டேன்.)

முதலில் மிஸ்டரி ஷாப்பர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். கடையை நடத்தும் கம்பெனிக்காக இந்தச் சோதனையைச் செய்துதரும் ஏஜென்சி அனுப்பும் குறிப்பில், எந்தக் கடைக்கு, எந்த நாளில், எந்த நேரத்துக்குள் போக வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். துணிக்கடை என்றால், உள்ளே நுழைந்து எத்தனை விநாடியில் வணக்கம் சொன்னார்கள், சொன்னவருடைய பெயர்ப்பட்டையில் என்ன பெயர் இருந்தது, கேட்ட அளவில் சட்டை இல்லாதபோது வேறு நிறத்தை எடுத்துக் காட்டினாரா, டிரையல் ரூமில் துணி மாட்டக் கொக்கி இருந்ததா, பில் போடும் இடத்தில் நமக்கு முன்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்று ஐம்பது அறுபது கேள்விகளுக்கு விடை கொண்டுவர வேண்டும். கடைக்குள் நோட்டைத் திறக்க முடியாது. வீட்டுக்குச் செய்தி அனுப்புபவன் போலக் கைப்பேசியைக் குனிந்து பார்த்து, '11.42 வணக்கம், 11.49 டிரையல்' என்று எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வது என் வழக்கம். அன்று இரவுக்குள்ளோ மறுநாளுக்குள்ளோ பில்லின் படத்துடன் அறிக்கையை ஏற்ற வேண்டும். எனக்கு வந்தவை அனைத்தும் ஆங்கில அறிக்கைகள். 'சேவை நன்றாக இருந்தது' என்று எழுதினால் அங்கிருக்கும் எடிட்டர், எது நன்றாக இருந்தது, யார் செய்தது, எப்போது என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். சுருங்கச் சொன்னால், இது பாதி நடிப்பு, பாதி எழுத்து வேலை. எழுத்துக்குத்தான் நேரம் போகும்.

பணக் கணக்குக்கு வருவோம். இதில் கட்டணம் வேறு, ஈட்டுத்தொகை வேறு. கட்டாயம் வாங்கச் சொன்ன 200 ரூபாய்ப் பொருளுக்குத் திரும்பக் கிடைக்கும் 200 ரூபாய் நம் கைக்காசே தவிர வருமானம் ஆகாது. கட்டணம் 350 ரூபாய் என்றும், கடை ஓசூரில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், போய்வர 100. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 2 லிட்டர் பெட்ரோல், அதாவது 200 ரூபாய்க்குக் குறையாது. மிச்சம் 150 ரூபாய். பயணத்துக்கு இரண்டரை மணி, கடையில் அரை மணி, அறிக்கைக்கு ஒன்றரை மணி என்றால் நாலரை மணி நேர உழைப்புக்கு மணிக்கு 33 ரூபாய்தான் விழுகிறது. அதே நாளில் ஓசூரிலேயே மூன்று கடைகள் கிடைத்தால், 1,050 ரூபாயில் பெட்ரோல் போக 850 ரூபாய் நிற்கும்; எட்டரை மணி நேரத்துக்கு மணிக்கு 100 ரூபாய். ஒற்றை வேலைக்காக வண்டியைக் கிளப்புவது வீண் என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும். தருமபுரிக்காரருக்கு ஓசூரை விடச் சேலம் பக்கம். அதுவும் ஏறத்தாழ 65 கிலோமீட்டர்.

அப்படியானால் உள்ளூரிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். அங்கேதான் இந்த வேலையின் உண்மையான இடறல் இருக்கிறது. மிஸ்டரி ஷாப்பருக்கு மூலதனம் என்பது அவர் முகம் தெரியாதவர் என்பது மட்டுமே. சிற்றூரில் அந்த மூலதனம் நம்மிடம் இருப்பதில்லை. பெங்களூரு சாலையில் ஒரு கடைக்குள் நுழைந்து, அயலூர்க்காரன் போல முகத்தை வைத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, விற்பனைப் பையன் விளக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அண்ணா, நீங்க பழையபேட்டை சார் வீட்டுப் பக்கத்துல இருக்கறவர்தானே? எங்க சித்தி உங்க ஸ்கூல்லதான் இருக்காங்க" என்றான். அதன்பிறகு எனக்குத் தண்ணீர் பாட்டிலும் நாற்காலியும் வந்தன. சேவைக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? நடந்ததை அப்படியே எழுதினேன். அறிக்கை நிராகரிக்கப்பட்டது, கட்டணமும் வரவில்லை. போதாததற்கு, ஒருமுறை போன கடைக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ மறுபடி அனுப்பமாட்டார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இந்த விதி ஒரு பொருட்டில்லை. கிளைகள் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிற நம் ஊரில், இரண்டு சுற்று முடிந்தால் போக வேறு கடை இருக்காது.

வெளிப்படையான தணிக்கை வேலையில் இந்தச் சிக்கல் இல்லை. அடையாள அட்டையும் அனுமதிக் கடிதமும் எடுத்துக்கொண்டு போய், கம்பெனி கொடுத்த ஃபிரிட்ஜில் அந்தக் கம்பெனியின் பானங்கள் மட்டும் இருக்கின்றனவா, அலமாரியில் சொன்ன வரிசையில் பொருள் அடுக்கியிருக்கிறார்களா, காலாவதித் தேதி கடந்தவை உண்டா என்று பார்த்துப் படம் எடுப்பதுதான் இது. முகம் தெரிந்திருப்பது இங்கே பலம். காவேரிப்பட்டணத்திலும் பர்கூரிலும் தெரிந்த கடைக்காரர்கள் டீ கொடுத்துத்தான் அனுப்பினார்கள். தெரியாத கடைக்காரரோ, வரி அதிகாரியோ என்ற பயத்தில் "போட்டோ எல்லாம் எடுக்காதீங்க சார்" என்று ஷட்டரில் கைவைப்பார். கடைக்கு 40 ரூபாய் வீதம் ஒரு நாளில் 12 கடைகள் பார்த்தேன். 480 ரூபாயில் பெட்ரோலுக்கு 60 போனது. ஏழு மணி நேரத்துக்கு மணிக்கு 60 ரூபாய். வீட்டுக்கு வந்து எழுத எதுவும் இல்லை. மாம்பழச் சாறு விற்கும் கோடைக்காலத்தில் இந்த வேலை கூடும். அந்த வெயிலில்தான் அலையவும் வேண்டும்.

மூன்றாவது, ஸ்டாக் எண்ணுவது. சூப்பர் மார்க்கெட் பூட்டிய பிறகு இரவு பத்து மணிக்கு உள்ளே விடுவார்கள். கையில் ஒரு ஸ்கேனர், ஆளுக்கு இத்தனை ரேக். கண்மட்டத்தில் இருக்கும் பொருள்கள் எளிதாக நகரும். தரையோடு ஒட்டிய கடைசித் தட்டில் சோப்புக் கட்டிகளையும் மசாலா பாக்கெட்டுகளையும் குந்தியபடி ஒவ்வொன்றாக எண்ணும்போதுதான் முழங்கால் பேசத் தொடங்கும். கணினியில் உள்ள எண்ணிக்கையும் நம் எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால் அந்த ரேக்கை மறுபடி எண்ண வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு 600 ரூபாயை அங்கேயே கையில் கொடுத்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு மணிக்கு 100 ரூபாய், அதுவும் உள்ளூரில், பெட்ரோல் இல்லாமல். மூன்று கடை கிடைத்த ஓசூர் நாளின் கூலியும் இதுவேதான் என்பதைக் கவனியுங்கள். குறை என்னவென்றால், நிதியாண்டு முடிகிற மார்ச்சில் நெருக்கியடிக்கும் வேலை மற்ற மாதங்களில் அருகிவிடும். மறுநாள் பகலும் தூக்கத்தில் போய்விடும்.

கைக்குப் பணம் வரும் வேகத்தில் மிஸ்டரி ஷாப்பிங்தான் கடைசி. அறிக்கை ஏற்கப்பட்டு 30 முதல் 45 நாள் கழித்தே கணக்கில் ஏறும். அதுவரை பொருள் வாங்கிய காசும் நம்முடையதுதான். பான் எண்ணைக் கேட்பது இயல்பு. வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பதும் இயல்பு. ஓடிபி கேட்பது இயல்பன்று.

போலிகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மூன்று வேலைகளில் மிஸ்டரி ஷாப்பிங்கின் பெயரைத்தான் அவர்கள் அதிகம் திருடுகிறார்கள். டெலிகிராமில் வந்து, ஓட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் 50 ரூபாய் என்பார்கள். முதல் இரண்டு மூன்று முறை பணம் உண்மையிலேயே வரும். பிறகு 1,000 ரூபாய் கட்டினால் 1,300 திரும்ப வரும் என்பார்கள், அதுவும் வரும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் அடுத்ததாக 5,000, அதையெடுக்க 15,000 என்று கட்டிக்கொண்டே போனார். போகாத ஓட்டலுக்கு நட்சத்திரம் போடுவது மிஸ்டரி ஷாப்பிங்குக்கு நேர் எதிரான செயல் என்பது புரிந்திருந்தால் முதல் 50 ரூபாயிலேயே விலகியிருப்பார். உண்மையான ஏஜென்சி பதிவுக் கட்டணமோ முன்பணமோ கேட்பதில்லை. உங்கள் கணக்கில் பணம் போடுகிறோம், அதை வேறு கணக்குக்கு மாற்றுங்கள் என்றால் அது இன்னும் ஆபத்து, கணக்கே முடக்கப்படும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்திவைக்க அதுதான் வழி.

ஆங்கிலத்தில் கோவையாக எழுத வருபவர், வாரம் ஒருமுறையாவது வேறு காரியமாக ஓசூருக்கோ சேலத்துக்கோ போகிறவர், காசு ஒன்றரை மாதம் தாமதமானாலும் குடும்பம் தடுமாறாதவர் ஆகியோருக்கு மட்டுமே மிஸ்டரி ஷாப்பிங்கைச் சொல்வேன். வண்டியும் வாய்ப்பேச்சும் உள்ள இளைஞருக்குத் தணிக்கை வேலையே மேல். கல்லூரி மாணவருக்கு விடுமுறையில் ஸ்டாக் எண்ணுவது போதும். அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளைப் பார்க்காமல் மூன்றிலும் கால்வைக்கக் கூடாது.

நான் மார்ச்சில் இரண்டு இரவு ஸ்டாக் எண்ணினேன். ஓசூரில் ஒரு ஷோரூம் வேலை வந்தபோது, கண் பரிசோதனைக்கு அம்மாவை எப்படியும் அங்கே கூட்டிப்போக வேண்டியிருந்ததால் அதையும் ஒப்புக்கொண்டேன். அறிக்கையை ஏற்றி முடிக்க அன்றிரவு பதினொன்றரை ஆயிற்று. இன்றோடு முப்பத்தெட்டு நாள். பணம் இன்னும் வரவில்லை.