‘ரோஜா’வுக்கு முந்தைய ரகுமான் கேசட் விலைக்கு வருகிறதா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

‘தீன் இசை மாலை, 1989 முதல் பதிப்பு, சீல் பிரிக்காதது, ஒரே பிரதி.’ சேகரிப்பாளர்கள் நடுவே இப்படி ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதோடு சேர்த்து ‘திலீப் காலத்து ஜிங்கிள்கள், ஸ்டூடியோ மாஸ்டர், 24 பிட்’ என்று ஒரு பென் டிரைவும் விற்கிறார்கள். திலீப் என்பது ரகுமானின் இயற்பெயர், ஜிங்கிள் என்றால் விளம்பரப் பாட்டு. நாங்கள் சிலர் பணம் போட்டு இரண்டையும் வாங்கினோம். கேசட் போலி. பென் டிரைவில் இருப்பது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எம்பி3-ஐ ஊதிப் பெரிதாக்கியது. விற்றவரைக் கேட்டபோது “பழைய சரக்கு அப்படித்தான் இருக்கும்” என்றார். மறுநாள் எண்ணை முடக்கிவிட்டார். அவர் பெயரை இங்கே போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வருவார், வேறு சிலரும் இதையேதான் செய்கிறார்கள். சரக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரிந்தால்தான் தப்பிக்க முடியும்.

எது உண்மையில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ‘ரோஜா’ 1992 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முன் ரகுமான் இசையமைத்துத் தனித் தொகுப்பாக வெளிவந்தவற்றில் இரண்டைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். ஒன்று, 1989-இல் வந்த ‘தீன் இசை மாலை’, தமிழ் இஸ்லாமிய பக்திப் பாடல்கள். மற்றொன்று, 1991-இல் மால்குடி சுபா பாடி, மேக்னாசவுண்ட் வெளியிட்ட ‘செட் மீ ஃப்ரீ’ என்ற ஆங்கில ஆல்பம். இரண்டும் வந்த காலத்தில் கவனம் பெறவில்லை. இவை போக விளம்பர இசை: 1987-இல் ஆல்வின் நிறுவனத்தின் ட்ரெண்டி கைக்கடிகாரம், அரவிந்த்சாமி நடித்த லியோ காபி என்று சில பொதுவெளியில் பதிவானவை. அதற்கும் முன்னால் எம்.எஸ்.வி., இளையராஜா, ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி போன்றவர்களிடம் கீபோர்டு வாசித்த காலம். இந்தப் பட்டியல் சின்னது. அது சின்னதாக இருப்பதுதான் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதி, ஏனென்றால் அசலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

முதலில் சீல். எண்பதுகளின் கேசட் உறை சிகரெட் பெட்டியின் மேலுறை போல இருக்கும்: மெல்லிய செலோபேன், இரண்டு முனைகளிலும் மடித்து ஒட்டியது. எங்களுக்கு வந்தது சூடு காட்டிச் சுருக்கிய பிளாஸ்டிக். ஓரத்தில் நீளமாக ஒரு தையல் கோடு, காற்று வெளியேற ஊசி முனை அளவு ஓட்டைகள். இந்தச் சுருக்கு உறையும் அதைச் சூடாக்கும் துப்பாக்கியும் பேக்கிங் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ‘சீல் பிரிக்காதது’ என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். உண்மையில் சீல் இருப்பது வாங்குகிறவருக்குப் பாதகம். உள்ளே டேப் பூஞ்சை பிடித்திருக்கிறதா, டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பேட் விழுந்துவிட்டதா என்று பார்க்க வழியே இருக்காது.

அடுத்தது இன்லே கார்டு, அதாவது கேசட் பெட்டிக்குள் மடித்து வைக்கும் அச்சிட்ட அட்டை. போலி முக்கால்வாசி இங்கேதான் பிடிபடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் மாட்டுவாரே, அது போதும். ஆஃப்செட்டில் அச்சடித்த படத்தில் நான்கு நிறப் புள்ளிகள் வரிசையாக, சின்னச் சின்ன வட்டப் பூக்களாகத் தெரியும். எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். இங்க்ஜெட் பிரின்ட் என்றால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தெளித்தது போலவும், கறுப்பு எழுத்தின் ஓரத்தில் மை கசிந்தும் இருக்கும். கலர் ஜெராக்ஸில் பொடித்தூள் மேலே படிந்து மினுமினுக்கும். அசல் கார்டை ஸ்கேன் செய்து அடித்திருந்தால் முகத்திலும் வானத்திலும் அலையலையாக ஒரு கோலம் விழும். பழைய புள்ளி வரிசையும் புதிய புள்ளி வரிசையும் மோதுவதால் வருவது அது; சாப்ட்வேரில் அதை முழுசாக மறைப்பது கடினம்.

இதைவிட எளிய சோதனை மடிப்பு. முப்பது வருடம் மடிந்து கிடந்த கார்டில் மடிப்பின் மேல் மை உதிர்ந்து வெள்ளைக் காகிதம் தெரியும், விரல் வைத்தால் சொரசொரக்கும். எங்களுக்கு வந்த கார்டில் மடிப்புக் கோடு படமாக அச்சாகியிருந்தது. உண்மையான மடிப்பு அதற்கு அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்யலாம்.

கார்டில் உள்ள எழுத்தையும் வரி வரியாகப் படியுங்கள். ஆங்கில முகவரியில் ‘சென்னை’ என்று இருந்தால் அது 1996 பெயர் மாற்றத்துக்குப் பின் அடித்தது. 1989 கார்டில் ‘மெட்ராஸ்’ என்றுதான் இருக்கும். எட்டு இலக்க டெலிபோன் எண் இருந்தால் இரண்டாயிரத்துக்குப் பிந்தியது. 890-இல் தொடங்கும் பார்கோடு இருந்தால், அந்த எண்ணை இந்தியாவில் வழங்கும் அமைப்பே 1996-இல்தான் தொடங்கியது. விலைக்குப் பக்கத்தில் ரூபாயின் புதிய குறியீடு இருந்தால் 2010 ஜூலைக்கு முன் அதற்கு வாய்ப்பே இல்லை. ‘ரோஜா புகழ்’ என்றோ ‘ஆஸ்கர் நாயகன்’ என்றோ அட்டையில் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். 1992-க்கு முன் முதலாவதும், 2009-க்கு முன் இரண்டாவதும் யாருக்கும் தோன்றியிருக்காது. பிற்காலத்தில் முறையாக மறுவெளியீடு செய்தது போலி ஆகாது, கேட்கவும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதை முதல் பதிப்பு விலைக்கு விற்பது மோசடி.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஏ பிரிவு, ஒலிப்பதிவு வெளியிடுகிறவர் அதன் மேலும் உறையின் மேலும் மூன்று விவரம் போட வேண்டும் என்கிறது: பதிவு செய்தவரின் பெயர் முகவரி, உரிமையாளரின் பெயர் முகவரி, முதல் வெளியீட்டு ஆண்டு. இந்தப் பிரிவு எண்பதுகளின் நடுவிலேயே சட்டத்தில் சேர்ந்துவிட்டது. சின்னக் கம்பெனிகள் சில இதை மதிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் ஆண்டும் கம்பெனி முகவரியும் இல்லாத கார்டைக் காட்டி ‘1989’ என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அந்த ஆண்டு அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேளுங்கள்.

இனி கேசட். ஓட்டில் ஐந்து திருகு இருந்தால் போலி, ஒட்டியிருந்தால் அசல் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம், இரண்டு வகையிலும் அசல் வந்திருக்கிறது. பார்க்க வேண்டியது முதுகுப் பக்கத்து மூலைகளை. வெற்றுக் கேசட்டில் அங்கே அழிக்காமல் காக்கும் இரண்டு சின்ன நாக்குகள் இருக்கும். கம்பெனிக் கேசட்டில் அந்த இடம் வார்ப்பிலேயே மழமழவென்று குழியாக விட்டிருப்பது வழக்கம். எங்களுடையதில் நாக்கை உடைத்து எடுத்த பிசிறு அப்படியே இருந்தது. அடுத்தது டேப்பின் நீளம். கம்பெனியில் பெரிய சுருளிலிருந்து பாட்டின் நீளத்துக்கு டேப்பை அறுத்து ஏற்றுவார்கள், ஆகவே கடைசிப் பாட்டு முடிந்து சிறிது நேரத்தில் டேப்பும் முடியும். எங்களுக்கு வந்ததில் ஒவ்வொரு பக்கமும் சரியாக முப்பது நிமிடம், பாட்டு முடிந்தபின் நீண்ட வெற்று. அதாவது கடையில் விற்ற சாதாரண சி-60, அறுபது நிமிட வெற்றுக் கேசட்.

காதில் விழும் தடயங்களும் உண்டு. வீட்டுப் பதிவில் பாட்டுக்குப் பாட்டு ஒலி அளவு மாறும், ரெக்கார்டு பட்டனை அழுத்திய ‘டக்’ கேட்கும். எங்களுக்குச் சந்தேகமே வைக்காமல் செய்தது வேறு. இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் இடது சேனல் ஒரு நொடி மங்கி எழுகிறது. இணையத்தில் பல வருடமாக இருக்கும் பிரதியிலும் அதே சொல்லில், அதே நொடியில் அது மங்குகிறது. டேப்பில் பூச்சு உதிர்ந்த இடம் கேசட்டுக்குக் கேசட் மாறும். இரண்டு வேறு கேசட்டில் ஒரே இடத்தில் விழாது. இணையப் பிரதியை எடுத்து வெற்றுக் கேசட்டில் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பாட்டுப் பதிந்து தருவார்கள். அப்படிப் பதிந்த கேசட் போலியல்ல, அது ஒரு காலத்தின் நேர்மையான பொருள். சில நேரம் அசல் அழிந்துபோன பாட்டு அதில்தான் பிழைத்திருக்கும். அதை அதுவாகச் சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம்.

பென் டிரைவைப் பார்ப்போம். ‘24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்’ என்பது கோப்பின் அளவு மட்டுமே. எந்த எம்பி3-ஐயும் அந்த அளவுக்கு மாற்றிச் சேமிக்க அரை நிமிடம் போதும். ஆடாசிட்டி அல்லது ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்கள், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் படம் அது. 128 கேபிபிஎஸ் எம்பி3-இல் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கூரை போட்டது போல ஒலி நின்றுபோகும், மேலே முழு இருட்டு. கேசட்டிலிருந்து நேராக எடுத்ததில் அப்படி இருக்காது. பாட்டின் மேல் சுருதிகள் மெல்ல மெல்லத் தேய்ந்து போனாலும், டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் லேசாகப் படர்ந்திருக்கும். எங்களுக்கு வந்த கோப்புகள் ஒன்று விடாமல் 16-இல் வெட்டுப்பட்டவை.

சிலவற்றில் 15,625 ஹெர்ட்ஸில் மயிரிழை போல ஒரு நேர்க்கோடு ஆரம்பம் முதல் கடைசி வரை ஓடியது. நம் டிவி ஒளிபரப்பு 625 கோடு, நொடிக்கு 25 படம். பெருக்கினால் வருவது அந்த எண்தான். எனவே அது டிவியிலிருந்தோ வீடியோ கேசட்டிலிருந்தோ எடுத்தது. தூர்தர்ஷன் விளம்பரத்தை வீடியோவில் பிடித்து வைத்தவர்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள், அதில் கேவலம் இல்லை. அதை ‘ஸ்டூடியோ மாஸ்டர்’ என்று விற்பதுதான் கேவலம். மாஸ்டர் என்றால் ஸ்டூடியோவில் பதிந்த மூல டேப்: கால் அங்குல ஸ்பூல், பெட்டி மேல் வேகமும் தேதியும் எழுதிய சீட்டு, பெரும்பாலும் தொடக்கத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலி. இதில் எதையும் காட்டாதவரிடம் மாஸ்டர் இல்லை.

ஜிங்கிளில் இன்னொரு பெரிய ஓட்டை, யார் இசை என்பது. விளம்பரத்தில் இசையமைப்பாளர் பெயர் வராது. அந்தக் காலத்து சிந்தசைசர் ஒலி கேட்டாலே ‘திலீப்’ என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அதே கருவிகளும் அதே ஒலிகளும் மற்றவர்களிடமும் இருந்தன. விளம்பர நிறுவனத்தின் தாளோ, சம்பந்தப்பட்டவர் பொதுவில் சொன்னதோ இல்லாமல் காதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. எங்கள் பென் டிரைவில் ‘1988’ என்று பெயரிட்ட ஒரு ஜிங்கிளின் வரியிலேயே செல்போன் வருகிறது.

எல்பி, ஈபி ரெக்கார்டுகளிலும் இதே வேலை நடக்கிறது. எண்பதுகளின் பட ரெக்கார்டை எடுத்து ‘ரகுமான் கீபோர்டு வாசித்தது’ என்று சொல்லி மூன்று மடங்கு விலை வைக்கிறார்கள். வாத்தியக்காரர்கள் பெயரை நம் பட ரெக்கார்டுகளில் அனேகமாகப் போட்டதே இல்லை. ரகுமானின் தந்தை ஆர்.கே.சேகர் 1976-இல் காலமானார். அவர் இசையமைத்த மலையாள ரெக்கார்டுகளையும் ‘சிறுவன் திலீப்பின் மெட்டு’ என்று விற்கிறார்கள். சேகரின் இசைக்காக வாங்குங்கள், அதற்கு அந்த மதிப்பு உண்டு. மகன் பெயரில் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் அசலை எங்கே தேடுவது? சினிமாப் பாட்டு விற்கிறவரிடம் ‘ரகுமான்’ என்று கேட்டால் விலைதான் ஏறும். ‘தீன் இசை மாலை’ வந்தபோது அதை வாங்கியவர்கள் இஸ்லாமிய பக்திப் பாடல் கேட்கிறவர்கள். நாகூர் ஹனிபா கேசட்டுகள் அடுக்கியிருக்கும் பெட்டிக்குள்தான் அது கிடக்கும். நாகூர் தர்கா பக்கத்துப் பழைய கடைகள், திருவல்லிக்கேணி, கடை மூடும்போது கேசட்டை எடைக்குப் போடுகிறவர்கள், மூர் மார்க்கெட் எரிந்தபின் அல்லிக்குளத்துக்கு நகர்ந்த பழைய சாமான் கடைகள் ஆகிய இடங்களில் இசையமைப்பாளர் பெயரைச் சொல்லாமல், ‘பழைய இஸ்லாமியப் பாட்டு கேசட் மொத்தமாக இருக்கிறதா’ என்று கேளுங்கள். ‘செட் மீ ஃப்ரீ’ ஆங்கில பாப் கேசட்டுகளோடு கலந்து கிடக்கும்.

பணம் தரும் முன் விற்பவரிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: கார்டை முழுசாக விரித்து இரு பக்கமும் வெயிலில் எடுத்த படம், மடிப்பின் அருகாமைப் படம், கேசட்டின் முதுகு மூலைகள், ஜன்னல் வழியே டேப் சுருள். கூடவே அன்றைய தேதி எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து, டேப் ஓடும் வீடியோ. டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்து போடும் கேசட்டும் கெடும். அசல் வைத்திருப்பவர் இந்தப் படங்களைச் சந்தோஷமாக அனுப்புவார். “வேண்டுமானால் எடு, வேறு ஆள் காத்திருக்கிறார்” என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. தாமதித்தால் அது குறைந்துகொண்டே போகும். கடையாகவோ தொழிலாகவோ விற்பவர் என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, பார்சலைப் பிரிக்கும் வீடியோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பார்சல் மேல் ஒட்டிய கூரியர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அனுப்பிய ஊரும் தேதியும் அதில்தான் இருக்கிறது. வந்த கேசட்டைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். நாக்கு உடைத்த அந்த ஓடும் மடிப்பு அச்சான அந்தக் கார்டும்தான் உங்கள் சாட்சி.