அலோய் வீல்: முற்றத்திலா, கடையிலா?

புது டயரை ரிம்மில் ஏற்றுவதும் பேலன்ஸ் பார்ப்பதும் வீட்டில் நடக்காது, அதற்கு மெஷின் வேண்டும். ஆகவே கேள்வி, ஏற்றிய வீலைக் காரில் பூட்டுவது யார் என்பதுதான்.

கடையில் வேகம், அவ்வளவுதான். எனக்குப் பூட்டிய பெடியன் ஏர் கன்னால் இறுக்கிய இறுக்கில், பிறகு நிலாவெளி வீதியில் பஞ்சரானபோது ஸ்பானர்மேல் ஏறி நின்றும் நட் அசையவில்லை.

வீட்டில் நேரம் போகும், முதுகும் பிடிக்கும். ஆனால் வீல் போய் உட்காரும் ஹப்பைப் பார்க்கலாம். திருகோணமலை உப்புக்காற்றில் அது துருப்பிடித்துச் செதில் செதிலாக நிற்கும், கம்பி பிரஷால் தேய்க்காமல் அலோயை வைத்தால் ஒழுங்காக உட்காராது, ஓட்டத்தில் ஸ்டியரிங் நடுங்கும். வீலின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதென்றால் இடையில் ரிங் போடுங்கள். பழைய நட்டை நம்பாதீர்கள், அலோயில் நட் உட்காரும் குழிக்குப் பொருந்தும் நட் வேறாக இருக்கலாம். எதிரெதிராக இறுக்கி, காரை ஜக்கிலிருந்து இறக்கிய பின் டோர்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பானர்) மேனுவல் சொல்லும் அளவு இறுக்குங்கள் (பல டொயோட்டா கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர்), அப்புறம் 100 கிலோமீட்டருக்குள் இன்னொரு தடவை.

டயர் ஏற்ற மட்டும் கடைக்குப் போவேன். நட்டில் யாரும் கை வைக்க விடமாட்டேன்.