வாளியா, ஷவரா, மழைப் பீப்பாயா?

போன மாதத் தண்ணீர் பில்லைப் பார்த்த கையோடு, கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எங்கள் ஷவருக்குக் கீழே 15 லீற்றர் வாளியொன்றை வைத்தேன். ஒன்றரை நிமிடத்தில் நிரம்பிவிட்டது. நிமிடத்துக்கு 10 லீற்றர். ஓர் ஆள் 8 நிமிடம் நின்றால் 80 லீற்றர் (மகன் நிற்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை). வாளியில் குளித்தால் 2 வாளி, 30 லீற்றர். 4 பேருக்கு நாளொன்றுக்கு 200 லீற்றர் வித்தியாசம். மாதத்தில் 6000 லீற்றர், பில் கணக்கில் 6 அலகு. பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறுவதால் அந்தக் கடைசி 6 அலகுதான் கையைக் கடிக்கிறது.

ஷவர் பக்கமும் நியாயம் உண்டு. சவர்க்காரம் போடும்போது பூட்டிவிட்டால் 3 நிமிடத்தில் குளித்து முடிக்கலாம், வாளிக் கணக்குக்கே வந்துவிடும். முழங்கால் நோவோடு அம்மா குனிந்து அள்ளவும் முடியாது. அப்புறம், வாளி வழிய வழிய பைப்பைத் திறந்துவிட்டுக் குளிப்பவர்களும் வாளிக்காரர்தானே?

யாழ்ப்பாணக் கிணற்றடியில் இந்தக் கணக்கெல்லாம் யாரும் பார்த்ததில்லை. ஊற்றியது வாழைக்குப் போகும். கொழும்பில் அப்படியில்லை. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலும் அம்பத்தலையில் களனி கங்கையிலும் எடுத்துச் சுத்திகரித்து, மோட்டார் போட்டு மேல்தாங்கிக்கு ஏற்றிய தண்ணீர் ஒரே தடவை உடம்பில் பட்டுவிட்டுக் கழிவுக் குழாயில் இறங்கிவிடுகிறது. நகரத்துக் கழிவுநீர் கடலில் விழும் இரண்டு இடங்களில் ஒன்று எங்கள் வெள்ளவத்தை. வரட்சியில் களனி வற்றினால் அதே கடல் ஆற்றுக்குள் ஏறி வந்து உப்புக் காட்டுகிறது.

மழைப் பீப்பாய் தனிவீட்டுக்காரருக்கு நல்லது. 20 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 1000 லீற்றர்; பூக்கன்றுக்கும் முற்றம் கழுவவும் தாராளம். மூடி இல்லாவிட்டால் நுளம்புப் பண்ணைதான். தொடர்மாடிக்காரருக்குக் கூரையே சொந்தமில்லை.

என் வாக்கு வாளிக்கு. ஆனால் முதலில் கொமட் தாங்கிக்குள் கொஞ்சம் பீற்றூட் சாறு விட்டு, அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாமல், தாங்கி ஒழுகுகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் பத்து நிமிடத்திலேயே கொமட்டுக்குள் சிவப்பு இறங்கியது. வாஷர் போயிருந்தது. நான் வாளி வைத்து அளந்துகொண்டிருந்த நேரத்திலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பைப் திருத்தும் பாஸ் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி இன்றோடு நாலு நாள்.