ப்ராக் - வியன்னா - புடாபெஸ்ட்: மூணு ஊரா, ரெண்டு ஊரா?

ஒரே பயணத்துல செக் நாட்டு ப்ராக், ஆஸ்திரியாவோட வியன்னா, ஹங்கேரியோட புடாபெஸ்ட்னு மூணும் போறதா, ரெண்டோட நிறுத்துறதா? ரெண்டு விதமாவும் போய்ப் பாத்தாச்சு, அதான் எழுதுறேன். 2019 செப்டம்பர்ல நானும் மனைவியும் மட்டும் போனோம், எட்டு ராத்திரி, ப்ராக் 3, வியன்னா 3, புடாபெஸ்ட் 2. போன வருஷம் மே மாசம் அதே எட்டு ராத்திரிதான், ஆனா கூட அம்மாவும் அஞ்சு வயசு பையனும். ப்ராக்கை வெட்டிட்டு வியன்னா 5, புடாபெஸ்ட் 3னு வச்சுக்கிட்டோம். இப்ப யாரு கேட்டாலும் நான் ரெண்டு ஊர் கட்சி. குளிர்காலத்துல போனதில்ல, அந்த கிறிஸ்துமஸ் சந்தை சீசன் கணக்கெல்லாம் வேற, அதை நான் பேசல.

எந்த ஊர் அழகுங்கிற சண்டைக்கு நான் வரல, மூணுமே அழகுதான். ட்ரெயினும் ரெண்டு பக்கமும் நல்லாதான் இருக்கு, ப்ராக்லேர்ந்து வியன்னா சுமாரா நாலு மணி நேரம், வியன்னாலேர்ந்து புடாபெஸ்ட் ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குள்ள. முன்கூட்டியே எடுத்தா டிக்கெட்டும் மலிவு. ரயில்ஜெட் எக்ஸ்பிரஸ் ட்ரெயின்ல சீட் ரிசர்வேஷன் கட்டாயம் இல்ல, ஆனா குடும்பத்தோட போனா அந்த சில யூரோவுக்கு கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மலிவு டிக்கெட் பெரும்பாலும் அந்த ஒரு ட்ரெயினுக்கு மட்டும்தான் செல்லும், விட்டா போச்சு. வியன்னாலேர்ந்து போறப்ப ஆறு வயசுக்கு கீழ பசங்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆனா மடியில வச்சுக்கிட்டு போக முடியாதுன்னா அவனுக்கும் ஒரு சீட் ரிசர்வ் பண்ணிடுங்க.

எனக்கு முடிவு பண்ணி வச்சது பெட்டி. சிரிக்காதீங்க. பிளான் போடுறப்ப எல்லாரும் ட்ரெயின் நேரத்தை மட்டும்தான் பாக்குறாங்க, நாலு மணி நேரம்தானே, காலைல ஏறினா மத்தியானம் இறங்கிடலாம்னு. நானும் அப்படித்தான் எக்செல்ல போட்டேன். நிஜத்துல என்ன ஆச்சுன்னா, காலைல பெட்டி அடுக்க ஒரு மணி நேரம், செக் அவுட், ஸ்டேஷனுக்கு முன்னாடியே போய் நிக்கணும்னு ஒரு முக்கால் மணி நேரம், ட்ரெயின் நாலு மணி நேரம், இறங்கி ரூமுக்குப் போக ஒரு முக்கால், குளிச்சு துணி மாத்தி வெளிய வர்றப்ப சாயங்காலம் அஞ்சரை. ப்ராக்லேர்ந்து வியன்னா மாறின அன்னிக்கு நாங்க பாத்தது ஸ்டீபன்ஸ் தேவாலயத்தோட வெளிப்புறம் மட்டும்தான், அதுவும் இருட்டின பிறகு.

கணக்கு இதுதான். எட்டு ராத்திரின்னா வர்ற நாள் போற நாள் போக கையில ஏழு நாள். மூணு ஊர்னா ரெண்டு தடவை ரூம் மாத்தணும், ஒண்ணு முழு நாளை முழுங்கும், இன்னொண்ணு அரை நாளை, மிச்சம் அஞ்சரை. ரெண்டு ஊர்னா ஒரே மாத்தல், அதுவும் வியன்னா - புடாபெஸ்ட் சின்ன தூரம், ஆறரை நாள் மிச்சம். ஒரு முழு நாள் வித்தியாசம். அந்த ஒரு நாளைக்கு நீங்க சென்னைலேர்ந்து ஃப்ளைட் டிக்கெட், விசா, ரூம்னு எவ்ளோ செலவழிச்சிருக்கீங்கன்னு வகுத்துப் பாருங்க, வலிக்கும்.

இதுல ப்ராக்ல பெட்டி இழுக்குறது தனிக் கதை. பழைய நகரம் பூரா சின்னச் சின்ன கருங்கல்லு பதிச்ச தெரு. பாக்க கண்ணுக்கு அம்சமா இருக்கும், சக்கரத்துக்கு எமன். ஸ்டேஷனுக்குக் கிளம்பின காலைல எங்க பெரிய பெட்டியோட ஒரு சக்கரம் கல்லு இடுக்குல மாட்டி, நான் ஒரு இழு இழுத்தேன், பிளாஸ்டிக்கோட பிச்சுக்கிட்டு வந்துருச்சு. மீதி மூணு சக்கரத்துல பெட்டி நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் நகரும். அப்படியே வியன்னா, அப்படியே புடாபெஸ்ட், அப்படியே மீனம்பாக்கம். மனைவி பேசாம வந்தாங்க, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. இதே அம்மா கூட வந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல.

அஞ்சு ராத்திரி ஒரே இடம்ங்கிறதுல இன்னொரு லாபம், சமையல். ரெண்டு மூணு ராத்திரிக்கு யாரும் சமையல் கட்டோட வீடு எடுக்க மாட்டாங்க, அஞ்சுன்னா எடுக்கலாம். அம்மா சுத்த சைவம், பகல்ல எதையாவது கொறிச்சுட்டு ஓட்டிடுவாங்க, ராத்திரி தயிர்சாதம் கிடைச்சா போதும். அங்க கடைல கிடைக்குற தயிர் நம்ம தயிரை விட கெட்டி, நல்லாவே இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு, ஆஸ்திரியால ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் அடைச்சிருவாங்க. நாங்க இறங்கினது ஞாயிறு. நல்லவேளை வியன்னா ஹாப்ட்பான்ஹோஃப் ஸ்டேஷனுக்குள்ள இருக்குற சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும்னு படிச்சு வச்சிருந்தேன், அரிசி, பால், தயிர் அங்கயே வாங்கிட்டோம். கூட்டம் நம்ம ரங்கநாதன் தெரு மாதிரி, ஊர்ல பாதிப் பேரு அங்கதான் நின்னாங்க.

சரி, ரெண்டு ஊர்தான்னா ஒரு ஊர் குறையுதேன்னு தோணும்ல, அதுக்கு வழி இருக்கு. வியன்னாலேர்ந்து பிராட்டிஸ்லாவா சுமார் ஒரு மணி நேரம். ஸ்லோவாக்கியா தலைநகரம், யூரோதான், பணம் மாத்த வேண்டாம். பெட்டியை ரூம்லயே விட்டுட்டு ஒரு முதுகுப்பை மட்டும் மாட்டிக்கிட்டு காலைல போய், கோட்டை ஏறி, பழைய நகரத்தைச் சுத்தி, பாதாள சாக்கடை மூடிக்குள்ளேர்ந்து எட்டிப் பாக்குற அந்த வெண்கல ஆள் சிலை கிட்ட பையனை நிக்க வச்சு போட்டோ எடுத்துட்டு, சாயங்காலம் வியன்னாவுக்கே திரும்பிட்டோம். ப்ராக்குக்கு ஈடுன்னு சொல்ல மாட்டேன், பாதி கூட இல்ல. ஆனா மூணாவது நாடு, மூணாவது ஊர், பெட்டி ஒரு அங்குலம் நகரல.

மூணு ஊர் பக்கமும் நியாயம் இருக்கு. இன்னொரு தடவை விசாவுக்கு வரிசைல நிக்கப் போறோமா, கிடைக்குறப்ப பாத்துடலாம்னு நினைக்கறது தப்பில்ல. வயசுப் பசங்க, ஆளுக்கு ஒரு முதுகுப்பைன்னா நான் சொன்னது எதுவும் உங்களுக்கு இல்ல, தாராளமா மூணு போங்க. காலைல ஆறு மணிக்கு ப்ராக்கோட சார்லஸ் பாலத்துல ஆளே இல்லாம நடந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா பத்து ராத்திரிக்குக் குறைவா மூணு ஊர் வேண்டாம். பணமும் மூணு விதம், செக் கொருனா, யூரோ, ஃபோரின்ட். ஏடிஎம்ல உங்க ரூபாய்க்கே மாத்திக் காட்டட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு அமுக்குங்க, ரேட் மோசமா இருக்கும்.

விசால ஒரு விஷயம். இந்த நாடுங்களுக்கெல்லாம் சேத்து ஒரே ஷெங்கன் விசாதான். எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும், சமமா இருந்தா முதல்ல நுழையுற நாடு. 5-3ன்னு போட்டா ஆஸ்திரியான்னு குழப்பமில்லாம முடிஞ்சுது. 2019ல 3-3-2, ரெண்டு நாடு சமம், எங்க குடுக்கணும்னு ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். ரெண்டு பிளானுக்கும் ஃப்ளைட் மட்டும் ஒரு ஊர்ல இறங்கி இன்னொரு ஊர்லேர்ந்து கிளம்புற மாதிரி எடுங்க, மறுபடி பின்னாடி வந்தீங்கன்னா இன்னொரு நாள் காலி.

புடாபெஸ்ட்ல இறங்குறப்ப ஒரு எச்சரிக்கை. முதல்ல கெலன்ஃபோல்ட்னு ஒரு ஸ்டேஷன் வரும், பெரிய ஸ்டேஷனான கெலெட்டி அதுக்கு அப்புறம்தான். ரெண்டும் 'கெ'ல ஆரம்பிக்குதுன்னு அம்மா பையைத் தூக்கிட்டு எழுந்துட்டாங்க, பின்னாடியே பையனும். ஆனா உங்க ரூம் கால்வின் சதுக்கம் பக்கம்னா கெலன்ஃபோல்ட்லயே இறங்குறது ஒண்ணும் தப்பில்ல, எம்4 மெட்ரோ ரெண்டு ஸ்டேஷனையும் இணைக்குது, நடுவுல கால்வின் வரும், லிஃப்டும் இருக்கு.

ப்ராக்கை அம்மாவுக்குக் காட்டலியேன்னு மனைவிக்கு இன்னும் குறைதான். அடுத்த தடவை ப்ராக்கை ஜெர்மனில இருக்குற ட்ரெஸ்டனோட சேத்து ரெண்டு ஊரா போடலாம்னு இருக்கோம், ரெண்டரை மணி நேரத்துக்குள்ள போயிடும், எல்பே ஆத்தை ஒட்டியே ட்ரெயின் போகுமாம். நான் போனதில்ல, போயிட்டு வந்து சொல்றேன். பெட்டி புதுசு வாங்கியாச்சு, பெரிய சக்கரமா பாத்து.